ஏழாம் பத்தி

தேவகோட்டை சார்பு நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில்
தட்டச்சும் ஜெராக்ஸும் ஒன்றாய் வேகிற கடை.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
எழுத்துப்பிழை திருத்தம் இலவசம்.
ஓரத்தில் பென்சிலால் நான் கிறுக்குவதை
இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த வாக்கியம் என்ன வேலைக்கு வந்திருக்கிறது?
அதைத்தான் குறித்துவைப்பேன், பொடி எழுத்தில்.
வக்கீல் முத்துவயிரவன் படித்துவந்த பெயர்கள் வேறு:
வழக்குமூலம், மதிப்பீடு, பரிகாரம்.
என்னுடையவை டீ ஆறும் நேரத்தில் வைத்தவை.

'வாதியும் பிரதிவாதியும் உடன்பிறந்தவர்கள்.'
இது செருப்பைக் கழற்றுவது.
'மேற்படி வீட்டில் வாதிக்குச் சரிபாதி பாத்தியம் உண்டு.'
ஆணி.
'பலமுறை நேரிலும் உறவினர் மூலமும் கேட்டும்'
மூச்சு வாங்குவது;
ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே
சுவரும் கொஞ்சம் ஓய வேண்டும்.
'வாதி அறிந்த வரையில்'
வெயிலடித்தாலும் குடையோடு வருவது.
'ஆகவே' என்று தொடங்குபவை எல்லாம்
கை நீட்டுபவை.

நான்கெல்லை சொல்லும் பத்திக்கு வேலி போடுவது மட்டும் வேலை.
கிழக்கே சாத்தப்பன் வகையறா மனை,
தெற்கே ஊருணிப் பாதை.
அடித்து முடிக்கும்வரை
யார் மேலும் யாருக்கும் கோபமில்லை.

கார்த்திகையில் சீதை வந்தாள்.
நாற்பது வயதிருக்கும், கையில் பள்ளிக்கூட நோட்டு.
தன் வழக்கைத் தானே எழுதியிருந்தாள்,
வக்கீல் சிவப்பில் திருத்தியிருந்தார்.
ஏழாம் பத்தி இப்படி:

'பிரதிவாதி இரட்டை அறையைப் பூட்டிச்
சாவியை மடியில் செருகிக்கொண்டார்.
அன்று வளவில் மழை பெய்தது.
வாதி கதவைத் தொடவும் விடப்படவில்லை.'

முதலாவது ஆணி. மூன்றாவது காயம் காட்டுவது.
நடுவில் பென்சில் நின்றுவிட்டது.

தேதிக்குச் சாட்சியா? தேதி ஆறாம் பத்தியிலேயே இருக்கிறது.
அழவைக்கவா? அதற்கு இது ரொம்ப அமைதி.
"கோர்ட்டுக்கு மழை எதுக்கு, எடுத்துரு"
என்று போனில் சொன்னார் வக்கீல்.
சீதையிடம் கேட்டேன்.
"பெஞ்சுச்சே" என்றாள்,
மேற்கொண்டு என்ன சொல்ல என்பது போல.

ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன்.
எடுக்கவில்லை.
வக்கீலுக்கு அன்றைக்கு மதுரை பஸ்; படிக்காமல் கையெழுத்திட்டார்.

இந்தத் தெருவில் இரண்டு தரப்புக்கும் ஒரே கடை.
மாசியில் எதிர்வழக்குரை என்னிடமே வந்தது.
'முற்றிலும் பொய்யென மறுக்கப்படுகிறது'
இதற்கென்று ஒரே விசையில் வருமாறு வைத்திருக்கிறேன்.
மூன்றாம் பத்திக்கு ஒரு தட்டு.
நான்காம் பத்திக்கு ஒரு தட்டு.
உடன்பிறந்தவர்கள் என்பதற்கே
'கண்டிப்பான நிரூபணம் தேவை' என்று கேட்டிருந்தார்கள்.

ஏழாம் பத்திக்கு விரல் போய்விட்டது.
அப்புறம்தான் பார்த்தேன்,
வக்கீல் எழுத்துக்கு மேலே, நீல மையில், வேறொரு கை
கோணலாய் நுழைத்திருந்ததை:

'ஏழாம் பத்தியில் கண்ட சங்கதிகள்,
வளவில் மழை பெய்தது நீங்கலாக,
மறுக்கப்படுகின்றன.'

விசையை விட்டு
எழுத்தெழுத்தாய் அடித்தேன்.

பதினாறு பக்கத்தில்
அண்ணனும் தங்கையும் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.
தீர்ப்பில் அதற்கு இடமிருக்காது.
அலமாரியிலிருந்து பழைய நகலை எடுத்துக்
கேள்விக்குறியை அழித்தேன்.
என்ன பெயர் வைப்பதென்று
பென்சில் முனையைக் கடித்துக்கொண்டிருக்கையில்
ஒருவர் வந்து பையைத் திறந்தார்.
காசோலை வழக்கு. பதினொரு பக்கம். மூன்று மணிக்குள் வேண்டும்.

முதல் வாக்கியமே
செருப்போடு உள்ளே வந்தது.